பாசிப்பச்சையில் கிரீம் கோடு

வியாழக்கிழமை, காலை 7.10. கார் ஷெட்டின் பெயிண்டர், ஸ்ப்ரே அறைக் கதவை உடைத்துத்தான் உள்ளே போனதாகச் சொன்னான். தூசி வரக்கூடாதென்று உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. சின்ன அறை, ஒரே ஒரு புகைப்போக்கி விசிறி. தரையில், தன் பழைய காருக்குத் தானே பெயிண்ட் அடிக்க வந்த அவர் கிடந்தார். முகத்தில் சாதாரண வடிகட்டி முகமூடி, கண்ணில் கண்ணாடி. பக்கத்து மேசையில் சுத்தமாகக் கழுவிய ஸ்ப்ரே கன்.

மூச்சுத்திணறல் என்றார் மருத்துவர். சின்ன வயதிலிருந்தே இழுப்பு உள்ளவர்தான். பூட்டிய அறைக்குள் தானாகப் போன உயிருக்கு யாரைப் பிடித்து உலுக்குவது? இன்ஸ்பெக்டர் கோப்பை மூடத் தயாரானார்.

அவர் மனைவியால் மட்டும் மூட முடியவில்லை. பெயிண்ட் கடையில் கலர் கலப்பவள். உடைந்த பம்பர் துண்டைக் காட்டினால் போதும், எந்த நிறத்தில் எத்தனை சொட்டு என்று சொல்லிவிடுவாள். ஊரே கலர் அக்கா என்று கூப்பிடும். அவர் அன்று அடித்த டின் பெயிண்ட் எல்லாவற்றையும் கலந்தது அவள்தான். தான் கலந்ததே அவரைக் கொன்றதா? பதினோரு நாளாக இந்த ஒன்று மட்டுமே தலைக்குள் இருந்தது. அழுகை வரவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், படு என்றால் படுத்தாள்.

திங்கள், காலை 10.30. ஷெட்டின் நடுவே அவருடைய வண்டி நின்றது. பழைய மாடலில், நீண்ட மூக்கு வைத்த இரண்டு ஸீட் ஸ்போர்ட்ஸ் கார். நான்கு வருடமாக லீவு நாளையெல்லாம் தின்ற வண்டி. இன்னும் பிரைமர் என்ற அடிப்பூச்சின் சாம்பலில்தான் இருந்தது. அதன் பானெட்டில் நிறம் பார்க்க அடித்த மூன்று மாதிரித் தகடுகளைப் பெயிண்டர் சாய்த்து வைத்தான். பாசிப்பச்சையில் கிரீம் கோடு. சிவப்பில் வெள்ளைக் கோடு. சாம்பல் நீலத்தில் மஞ்சள் கோடு.

“அண்ணன் கடைசியா அடிச்சது, அண்ணி. பத்திரமா இருக்கட்டும்னு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருந்தேன். ஒண்ணைச் சொல்லுங்க, நானே வண்டியை முடிச்சுத் தரேன்.”

கொழுந்தன் ஓரமாக நின்றான். இன்ஸ்பெக்டருக்கு அவன்மேல் ஒரு கண் இருந்தது.

“டின்னை இங்க கொண்டு வந்தது யாரு?”

“நான்தான் மேடம். செவ்வாய்க்கிழமை.”

“மூடியைத் திறந்தீங்களா?”

“இல்ல.”

“அண்ணனோட சண்டைன்னு கேள்விப்பட்டேன்.”

“சிவப்புதான் அடிக்கணும்னு சொன்னேன். அதுக்குப் பேரு சண்டையா?”

இன்ஸ்பெக்டர் கணவரின் பொருள்களைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டார். கவருக்குள் அவர் கண்ணாடி இருந்தது. லென்ஸின் ஓரத்திலும் உலோக ஃபிரேமிலும் பாசிப்பச்சை பொடிப்பொடியாகப் படிந்திருந்தது. கடைப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. துணியில் தின்னரை நனைத்துத் துடைத்தாள். பச்சை அசையவில்லை. அழுத்தித் தேய்த்தாள். அப்போதும் அசையவில்லை.

எழுந்து போய் அதே துணியின் மறுமுனையால் பச்சைத் தகட்டைத் தேய்த்தாள். பச்சை துணிக்கு வந்துவிட்டது.

11.05. அவள் குரல், கடையில் விலை சொல்லும் குரலாகவே இருந்தது.

“மேடம், இது அவர் அடிச்ச தகடு இல்ல.”

பெயிண்டர் சிரிக்கப் பார்த்தான். “கலர் அதேதானே அண்ணி?”

“கலர் அதேதான். பெயிண்ட் வேற.”

பிறகு நிதானமாக விளக்கினாள். அவள் கொடுத்ததை அப்படியே அடிக்கலாம், பெயிண்டை இறுக வைக்கும் ஹார்டனர் சேர்த்தும் அடிக்கலாம். அப்படியே அடித்தால் பளபளப்பு குறைவு, பல நாள் கழித்தும் தின்னர் பட்டால் கரையும். ஹார்டனர் சேர்த்தால் கண்ணாடிபோல் மின்னும், தின்னருக்கு மசியாது. ஆனால் அதன் புகையைச் சாதாரண முகமூடி தடுக்காது. வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் முகமூடி வேண்டும். இழுப்புக்காரருக்கு அது எமன். அதனால்தான் ஹார்டனரை அவள் வீட்டுப் பக்கமே விட்டதில்லை.

“அப்ப டின்ல கலந்தது அவரோட தம்பியா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“ஹார்டனர் சேர்த்தா சில மணி நேரத்துல இறுகிடும் மேடம். செவ்வாய்க்கிழமை கலந்திருந்தா, புதன்கிழமை சாயங்காலம் அவர் அடிக்கும்போது கல்லாயிருக்கும். டின்னெல்லாம் இன்னும் தண்ணியாத்தான் இருக்கு. அவர் அடிக்கப் போற நேரத்துல, தனியா, கன்னுக்கு மட்டும் கலந்திருக்காங்க. அந்த நேரத்துல அவர்கூட இங்க இருந்தது ஒரே ஆள்.”

அவள் பெயிண்டரைப் பார்த்தபடியே தொடர்ந்தாள்.

“அடிச்சுட்டிருக்கும்போதே விழுந்த மனுஷர் எழுந்து கன்னைக் கழுவியா வச்சார்? கதவை உடைச்சு முதல்ல உள்ள வந்தவர்தான் கழுவினார். தகடுகளையும் எடுத்துட்டுப் போனார். தகடு மூணு இருக்குன்னு எனக்குத் தெரியும், போன்ல அவர் சொல்லியிருந்தார். நான் கேட்டதும், ஹார்டனர் இல்லாம புதுசா மூணு அடிச்சுப் பாலிஷ் போட்டுக் கொண்டு வந்தார். மூக்குமேல இருந்த கண்ணாடியை மட்டும் மறந்துட்டார்.”

பெயிண்டர் தரையில் குந்திவிட்டான். கொல்ல நினைக்கவில்லை என்றான். காலையில் அண்ணி வந்து கலர் பார்க்கப் போகிறார், பாலிஷ் போட நேரமில்லை, ஆனால் மின்ன வேண்டும் என்று அண்ணன் ஆசைப்பட்டாராம். மூன்று தகடுதானே, பத்து நிமிட வேலைதானே என்று, அவரிடம் சொல்லாமலே ஹார்டனரைக் கலந்து கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறான். காலையில் பார்த்ததும் பயந்துபோய்க் கன்னைக் கழுவினானாம்.

தன் டின் அவரைக் கொல்லவில்லை. அது தெரிந்ததும் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கும் என்று நினைத்தாள். ஒன்றும் இறங்கவில்லை. இன்ஸ்பெக்டர் அவனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்.

“மூணுல அவருக்கு எது பிடிச்சிருந்தது?”

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“தெரியல அண்ணி. உங்களுக்கு எது பிடிக்கும்னுதான் சாயங்காலம் பூரா என்கிட்ட கேட்டுட்டே இருந்தார்.”

அவர்கள் போனார்கள். அவள் வண்டியின் கதவைத் திறந்து, ஸீட் போடாத வெறும் தகரத்தில் இறங்கி உட்கார்ந்து, பதினோரு நாளில் முதல் முறையாக அழுதாள்.