எட்டாம் நாள் இலை

செத்த வீட்டில் யாரும் யாரையும் "வாங்கோ" என்று கேட்பதில்லை. வருகிறவர் பேசாமல் வந்து இருப்பார், எழும்பும்போது சொல்லாமல் எழும்பிப் போவார். ஜெர்மனிக்கு வந்து எத்தனையோ பழக்கங்களைக் கைவிட்ட யாழ்ப்பாணத்துச் சனம் இந்த ஒன்றை மட்டும் விடவில்லை. ஆனால் அன்று மாலை, கெல்சென்கிர்ச்சனில், தாரகனுடைய வீட்டுக் கதவைத் திறந்த அவனுடைய மனைவி துஷானி, மதிசுதனை நேராகப் பார்த்து, "வாங்கோ மதி அண்ணை" என்றாள்.

நாக்குத் தவறியிருக்கும் என்று மதி நினைத்துக்கொண்டான். புருஷனைப் பறிகொடுத்து எட்டே நாளானவளுக்கு என்ன சொல்கிறோம் என்று அவளுக்கே தெரிந்திராது. ஆனாலும் சப்பாத்தைக் கழற்றும்போது அவனுக்குப் பிடரி கூசியது. வந்த வழியே திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தான்.

வரவேற்பறையில் வெள்ளை விரிப்பில் சனம் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. ஹீட்டர் சூட்டில் காய்ந்துகொண்டிருந்த ஈரக் குளிர்ச்சட்டைகளின் வாடையும், சாம்பிராணிப் புகையும், குசினியிலிருந்து வந்த மீன் பொரித்த எண்ணெய் மணமும் ஒன்றோடொன்று கலந்து நின்றன. யன்னலோரத்துக் கதிரையில், இத்தனை தமிழருக்கு நடுவில், கறுப்பு டை கட்டிக்கொண்டு ஹ்வாங் இருந்தான். மதியைக் கண்டதும் மரியாதையாகத் தலையைக் குனிந்தான்.

மதிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

ஹ்வாங்கின் தகப்பன் கொரியாவிலிருந்து இந்த ஊருக்கு நிலக்கரி வெட்ட வந்தவர். மகன் நிலத்துக்குக் கீழே செய்த தொழில் வேறு. சுரங்கத் தொழிலாளருக்காகக் கட்டிய பழைய செங்கல் வீடொன்றின் நிலவறையில், பச்சைப் போர்வையை விரித்து, பொலிசுக்குத் தெரியாமல் கொரியரின் பூச்சீட்டுச் சூதை நடத்திக்கொண்டிருந்தான். சீட்டுகள் நெருப்புப்பெட்டி அளவுதான், ஆனால் விறைப்பானவை. போர்வையில் ஓங்கிப் போடும்போது கன்னத்தில் அறைந்த மாதிரிச் சத்தம் வரும். அங்கே மதியும் தாரகனும் சோடி. ஊரில் முன்னூற்றுநாலு என்ற சீட்டாட்டம் விளையாடி வளர்ந்தவர்களுக்கு, எதிரே இருக்கும் கூட்டாளிக்குச் சாடை காட்டுவது யாரும் சொல்லித்தர வேண்டிய வித்தையா? ஒருவன் தாடியைச் சொறிவான், மற்றவன் வெல்லுவான். ஒரு கோடைகாலம் முழுக்க இரண்டு பேரும் வென்றார்கள்.

பிறகு யாரோ ஹ்வாங்கிடம் சொல்லிக்கொடுத்தார்கள். யாரோ என்ன யாரோ! இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்ததை மூன்றாவது ஆளிடம் வேறு யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது? ஹ்வாங் கத்தவில்லை, கை நீட்டவில்லை. மதியை மட்டும் பிடித்து, நிலவறைக்குப் பின்னால் இருந்த பழைய கரிக் கிடங்குக்குள் தள்ளிப் பூட்டினான். குடிக்கத் தண்ணீர் வந்தது. சாப்பாடு வரவில்லை. பலகைக் கதவுக்கு அந்தப் பக்கம் நாள்கணக்கில் விளையாட்டு நடந்தது. நூடில்ஸ் அவிந்த ஆவி கதவின் கீழால் உள்ளே வந்தது, உறிஞ்சிக் குடிக்கும் சத்தம் வந்தது. எல்லாவற்றிலும் கொடுமை, அந்தச் சத்தங்களுக்கு இடையே கேட்ட தாரகனின் இருமல். அவன் அங்கேயேதான் இருந்தான், ஒரு தரம்கூடக் கதவைத் தட்டவில்லை.

ஹ்வாங் திறந்துவிட்ட பிறகு மதி லைப்சிக்குக்குப் போய்விட்டான். அங்கே ஒரு பண்டகசாலையில் பெட்டி தூக்கினான், சாப்பிட்டான், படுத்தான், படுத்தபடி தாரகனைப் பற்றியே யோசித்தான். கூட இருந்து குழி பறித்தவனை அடித்தால் போதாது, பசி என்றால் என்ன என்று காட்டவேண்டும். கடைசியில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு ரயிலுக்கு ரிக்கெற்றும் எடுத்த அந்தக் கிழமையில்தான், தாரகன் கால் வழுக்கிக் கால்வாய்க்குள் விழுந்து செத்துப்போனான் என்ற செய்தி வந்தது. தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். இந்தத் தெய்வத்துக்கு என்ன அவசர அந்தரமோ, மதி வந்து சேருமட்டும்கூட நிற்கவில்லை. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்று அவன் அன்று வாய்விட்டு அழுதான்.

ஆனால் ஒன்று மிச்சமிருந்தது. எட்டாம் நாள் படையல்.

செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம், மச்சம் மாமிசம் குடிவகை உட்பட, சமைத்து ஓர் அறையில் தலைவாழை இலையில் படைத்து, விளக்கேற்றிவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். அந்த நேரம் செத்தவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது. அந்தச் சாப்பாடு கிடைக்காத ஆவி பசியோடு அலையும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்த இலையில் மதி கை வைக்கப்போகிறான். தாரகன் வரும்போது எச்சில் இலைதான் இருக்கவேண்டும். செத்தும் பசியோடு திரியட்டும்.

"எல்லாரும் வெளியில வாங்கோ. கதவைச் சாத்தப்போறம்" என்று படையலை முன்னின்று நடத்திய செல்வராசா அண்ணை அறையிலிருந்து வெளியே வந்தார். கதவு சாத்தப்பட்டது. சனம் பேச்சை நிறுத்தியது.

அப்போது ஹ்வாங் பையிலிருந்து பூச்சீட்டுக் கட்டை எடுத்தான். கொரியர்கள் செத்த வீட்டில் விடிய விடியச் சீட்டு விளையாடுவோம், செத்தவனுக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஜெர்மனில் தணிவாகச் சொன்னான். செல்வராசா அண்ணை முகத்தைச் சுளித்தார். துஷானி மட்டும் ஓம் என்று தலையாட்டினாள். ஹ்வாங் முழங்கால் மடித்து இருந்து, தனியாகவே சீட்டுகளை விரிப்பில் அடித்துப் போடத் தொடங்கினான். படார். கொஞ்சம் பொறுத்து, படார்.

"ஒரு சிகரெட் பத்திப்போட்டு வாறன்" என்று மதி பல்கணிக்குப் போனான். வெளியே ஐந்து மணிக்கே இருட்டிவிட்டிருந்தது. வரவேற்பறைக்கும் படையல் அறைக்கும் ஒரே பல்கணிதான். அறையின் கண்ணாடிக் கதவை நெம்புவதற்கு அவன் சட்டைப்பையில் ஒரு திருப்புளி வைத்திருந்தான். அது தேவைப்படவில்லை. விரல் பட்டதும் கதவு திறந்தது. மார்கழிக் குளிரில் யார் கதவைத் திறந்துவிடுவார்கள் என்று அப்போதாவது அவன் யோசித்திருக்க வேண்டும். பழிவாங்க வந்தவனுக்குக் கண் தெரியுமா?

உள்ளே சின்ன விளக்கு. படத்துக்கு மாலை. இலை நிறைய முத்துச் சம்பா சோறு, மேலே தடித்த மீன் குழம்பு, உடைத்த நண்டு, ஆட்டிறைச்சிப் பிரட்டல், முட்டைப்பொரியல், ஒரு ஓரத்தில் விஸ்கி ஊற்றிய கிளாஸ். மதி சப்பாணி கட்டி இருந்து, இரண்டு கையாலும் அள்ளி வாயில் திணித்தான். இறைச்சியை மென்றான், நண்டைச் சூப்பினான், விஸ்கியை ஒரே மூச்சில் இழுத்தான். "வா, இப்ப வந்து சாப்பிடு பாப்பம்" என்று படத்தைப் பார்த்து முணுமுணுத்தான். ருசியாக இருக்கும் என்று நினைத்திருந்தான், ஆனால் எதிலும் உப்போ உறைப்போ இல்லை, நாக்கில் குளிர் மட்டும் பட்டது. அதனாலென்ன, அவன் விடாமல் விழுங்கினான்.

சுவருக்கு அந்தப் பக்கம் சீட்டு விழுந்துகொண்டிருந்தது. படார். படார்.

கொஞ்ச நேரத்தில் அவனுக்கு வயிறு முட்டியது. மூச்சு வாங்கக் குனிந்து பார்த்தான். இலையில் சோறு அப்படியே இருந்தது. அவன் குழப்பிய இடம் தெரியவில்லை. நண்டு உடைத்தபடி இருந்தது, ஆனால் அவன் சூப்பி எறிந்த ஓடுகள் எங்கும் இல்லை. கிளாஸில் விஸ்கி விளிம்புவரை நின்றது.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் மோட்டர் உறுமும் சத்தம் கேட்டது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே றோலாடன் மறைப்பு, சட்டம் சட்டமாக, அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. தெரு விளக்கின் வெளிச்சம் முதலில் சுவரிலிருந்து, பிறகு கட்டிலிலிருந்து, பிறகு அவன் முழங்காலிலிருந்து போனது. அதன் சுவிட்ச் வீட்டின் உள் நடையில் இருந்தது. மதி பாய்ந்து மறைப்பின் கீழால் கையைக் கொடுக்கப் போனான். மறைப்பு நிலத்தில் முட்டி நின்றது.

உள் கதவின் பிடியை முறுக்கினான். பூட்டு. தட்டக் கையை ஓங்கினான், தட்டவில்லை. தட்டினால் சனம் வரும். செத்தவனின் இலையில் கை வைத்தவன் என்ற பெயரோடு பிறகு எந்தத் தமிழ் வீட்டுப் படியை மிதிப்பது?

"மதி அண்ணை."

கதவுப் பூட்டின் திறப்பு ஓட்டைக்கு மிகக் கிட்டத்தில், துஷானியின் குரல். கிசுகிசுப்பாக.

"துஷானி, கதவைத் திற."

"அவரிலை உங்களுக்கிருந்த கோவத்துக்கு நீங்கள் உள்ளுக்கை போவியள் எண்டு தெரியும். பல்கணிக் கதவைத் திறந்துவிட்டது நான்தான்."

"விசர்க்கதை கதையாதை. திற."

"ஹ்வாங்கிட்டைச் சொல்லிக்குடுத்தது இவர் இல்லை, அண்ணை. நான். அந்தச் சூதாலை என்ரை வீடு அழியப் பாத்துது. இவர் நித்திரையிலை உளறினதை வைச்சு, உங்கடை பேரை மட்டும் போய்ச் சொன்னனான்."

மதி கதவில் சாய்ந்தான்.

"அவர் அங்கை இருந்தது உங்களை வெளியில எடுக்க. கதைக்கக் கூடாது, கதவைத் தட்டக் கூடாது, ஒரு வாய் சாப்பிடக் கூடாது, வெல்லுமட்டும் இருந்து விளையாட வேணும் எண்டு அந்தக் கொரியன் சொன்னவன். அவரும் சாப்பிடாமல்தான் இருந்தவர். வெண்டுதான் உங்களை எடுத்தவர்."

இத்தனை நாளும் யாரை வெறுத்தான்? யாருடைய பசிக்காகப் பிரார்த்தித்தான்? அழுகைக்கு மேல் கோபம் வந்தது. இவள் அன்றைக்கு அவனைக் காட்டிக்கொடுத்தாள். இன்றைக்கும் காட்டிக்கொடுத்துவிட்டாள்.

"ஏன் இப்ப சொல்லுறாய்?"

"அதுக்குப் பிறகு அவர் ஒரு நாளும் வயிறாரச் சாப்பிடேல்லை. சோத்துக் கோப்பையை முன்னாலை வைச்சா, மதி சாப்பிட்டிருப்பானோ எண்டு கேப்பார். செத்த பிறகும் கேக்கிறார், அண்ணை. ஒவ்வொரு இரவும் குசினிக்கை ஈரத்தோடை நிண்டு கேக்கிறார். எனக்கு இனி ஏலாது." அவள் குரல் உடைந்தது. "நீங்கள் இருந்து சாப்பிடுங்கோ. அப்பதான் அவர் போவார்."

காலடி விலகிப் போனது.

சீட்டுச் சத்தம் நின்றது.

மணம் மாறியது. குழம்பு மணம் போய், சேறு. தேங்கிய தண்ணீர். கால்வாய். விளக்கின் திரி சுருங்கியது. மதி திரும்பவில்லை. திரும்பக்கூடாது. ஒரு சொட்டு விழும் சத்தம். இன்னொரு சொட்டு. பிறகு இலையில் ஏதோ உரசியது.

திரும்பினான்.

இலைக்கு மறுபக்கம் ஒரு கை. முழங்கைக்கு மேலே இருட்டு. ஊறி வெளுத்த விரல்கள், நகத்துக்குள் கறுப்புச் சேறு, நனைந்து ஒட்டிய சட்டைக் கை. அது சோற்றைக் குழைத்தது. மீனை எடுத்தது. பிள்ளைக்குச் செய்கிற மாதிரி, முள்ளைத் தடவித் தடவி, ஒவ்வொன்றாக இழுத்து இலை ஓரத்தில் வைத்தது. உருட்டியது.

நீட்டியது.

"மச்சான்" என்றான் மதி. "நான் சாப்பிட்டிட்டன் மச்சான். வயிறு நிறைஞ்சிட்டுது."

கை அசையவில்லை. காத்திருந்தது.

பல்லை இறுக்கினான். கண்ணை மூடினான். குளிர் உதட்டில் பட்டது. தாடை திறந்தது. அவன் திறக்கவில்லை. திறந்தது. சோறு. மணல். பல்லில் நறநறவென்றது. விழுங்கினான்.

மறுபடி குழைக்கும் சத்தம்.

இரண்டாவது உருண்டை. மூன்றாவது. வயிறு கல்லாக இறுகியது. தோல் விண்ணென்று இழுபட்டது. கத்த வாயைத் திறந்தான். அடுத்தது உள்ளே போனது.

கதவுக்கு வெளியே செல்வராசா அண்ணை தொண்டையைச் செருமினார். "பிள்ளை, நேரமாகுது. திறப்பமோ?"

"இல்லை அண்ணை" என்றாள் துஷானி. "பொறுங்கோ. வடிவாச் சாப்பிட்டு முடிக்கட்டும்."

இலையில் சோறு குறையவில்லை. கை அடுத்த மீன் துண்டை எடுத்து, விளக்குக்குக் கிட்டப் பிடித்து, பொறுமையாக முள் எடுக்கத் தொடங்கியது.