மூன்றாவது கூப்பாடு

தாப்பாவிலிருந்து மலை ஏறிய லோரி ரிங்லெட்டைத் தாண்டியதும் பனிக்குள் நுழைந்தது. அதற்குப் பிறகு தனலெட்சுமிக்கு ரோடும் தெரியவில்லை, பள்ளமும் தெரியவில்லை. மகள் குணவதியை மடியில் போட்டுக்கொண்டு, சாமான்களுக்கு நடுவே அம்மிக்கல்லில் காலை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். புருஷன் அய்யாசாமி முன்னால் டிரைவர் பக்கத்தில் இருந்தான். பேச்சுக் குரலே இல்லாததால் தூங்கிப்போயிருப்பான்.

பீடோர் பக்கத்தில் அவர்கள் இருந்த ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். வாங்கியவன் ஆள் அனுப்பி, இவர்களுடைய சட்டிபானைகளைத் தூக்கி ரோட்டோரம் வைத்தான். அன்றைக்கு மழை வேறு. அரிசிப் பானைக்குள் தண்ணீர் விழுவதைத் தனம் பார்த்துக்கொண்டே நின்றாள், மூடியைத் தேடி எடுக்கக்கூடத் தோன்றவில்லை. அழவேண்டிய அன்றைக்கு அழாததால், அதற்குப் பிறகு எதற்கும் அவளுக்கு அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. இனி மகளுக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை இருக்கவேண்டும், அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது. அந்த நினைப்பு ஒன்று மட்டும் மிச்சமிருந்தது.

தேயிலைத் தோட்டத்தில் அவர்களுக்கு, வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தின் கடைசி வீட்டைக் கொடுத்தார்கள். எழுபத்தாறாம் வருஷம் அது. ஒரே வீட்டில் இரண்டு குடும்பம் முட்டி மோதிக்கொண்டிருந்த லயத்தில், ஒரு வீடு மட்டும் சும்மா கிடந்தது என்றால் காரணம் இல்லாமலா இருக்கும்? தனம் கேட்கவில்லை. கூரை ஒழுகவில்லை, கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. உள்ளே நனைந்த சாக்கு வாடை அடித்தது. சாம்பிராணி போட்டாள், கொஞ்சம் அடங்கியது.

பக்கத்து வீட்டு அஞ்சலை சுடச்சுடக் கோப்பி கொண்டுவந்தாள்.

"தனம், பொழுது சாஞ்சா மூணு கூப்பாட்டுக்கு முன்னாடி கதவத் தொறந்திராத."

"எங்க தோட்டத்துலயும் சொல்லுவாங்கக்கா."

"எல்லாத் தோட்டத்துலயும் சொல்லத்தான் செய்வாங்க. இங்க நாங்க செய்வோம்லா" என்றாள் அஞ்சலை.

பேய்க்கு இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடச் சக்தி கிடையாது என்பது கணக்கு. யார் போட்ட கணக்கோ, அந்த லயத்தில் அதுதான் சட்டம். பனி இறங்கினால் பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாத ஊரில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டிக்காரர்கூட, பொழுது சாய்ந்துவிட்டால் "ரொட்டி, ரொட்டி, ரொட்டி" என்று மும்முறை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை முடிந்து வரும் அய்யாசாமி, தன் பெண்டாட்டி பெயரைத் தானே மூன்று தடவை ஏலம் போடுவான். லயமே சிரிக்கும். தனம் சிரிக்காமல் எழுந்து கதவைத் திறப்பாள்.

காலையில் ஈரச் செடியில் கொழுந்து கிள்ளிக் கிள்ளி அவள் விரல்கள் மரத்துப்போகும். மற்றப் பெண்கள் அடுப்பில் கையைக் காட்டிச் சூடேற்றிக்கொள்வார்கள். தனம் அப்படியே விட்டுவிடுவாள். மரத்துப்போனது அவளுக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது.

அக்டோபர் மாதக் கடைசியில், தோட்டத்துக் கணக்கெழுதும் ராதாகிருஷ்ணன் கிராணி லயத்துக்கு வந்தார். கையில் மடித்த மாவுச் சாக்குகள். வெள்ளைச் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டியிருந்தது.

"ஏம்மா, நாளைக்குச் சாயங்காலம் பங்களாவுல விசேஷம். இத மாட்டிப் பிள்ளைய அனுப்பி வை. மிட்டாய் கொடுப்பாங்க."

"என்ன விசேஷங்க?"

தோட்டத்துத் துரையின் வெள்ளைக்காரப் பெண்டாட்டி, துரைசாணி, சொன்ன பெயர் கிராணி வாயிலேயே சரியாக நுழையவில்லை. "பேய்ப் பெருநாளுன்னு வச்சுக்க. வெள்ளக்கார ஊர்ல பிள்ளைங்க பேய் வேஷம் கட்டி வீடு வீடாக் கதவத் தட்டுமாம். போன வருஷமும் நடந்துச்சு."

அடுத்த வாசலில் நின்ற அஞ்சலை சட்டென்று உள்ளே போய்விட்டாள். கிராணி அதைப் பார்த்தார். குரலை இறக்கினார்.

"பிள்ளைங்க வரலன்னா துரை என்னயக் கேப்பாரு. அனுப்ப முடியாதுன்னா வீட்ட காலி பண்ணிக்க. லோரி நான் ஏற்பாடு பண்றேன்."

சாக்கை வாசலில் போட்டுவிட்டுப் போனார். தனம் அதை எடுத்து ஆணியில் மாட்டினாள். காய்ந்த சாக்குதான். ஆனாலும் அந்த ஈர வாடை மறுபடி வந்தது.

அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அஞ்சலை எல்லாவற்றையும் சொன்னாள். இந்த வீட்டில் நல்லுசாமியும் திலகமும் இருந்தார்கள். அவர்கள் மகள் ருக்குமணிக்கு ஆறு வயது. போன வருஷப் பெருநாளுக்குச் சாக்கை மாட்டிக்கொண்டு பங்களாவுக்குப் போனாள். பிள்ளைகளைக் கூட்டிவந்து விட ஒரு ஆள் போடவில்லை. பனியில் தட்டுத்தடுமாறித் தனியாக வந்து கதவைத் தட்டியிருக்கிறாள்.

"அம்மான்னு ரெண்டு தடவ கூப்புட்டுச்சாம். திலகம் தாழ்ப்பாள்ல கைய வச்சுக்கிட்டு மூணாவதுக்கு நின்னிருக்கா. வரல. சாக்குக்குள்ள இருந்து குரலும் ஒரு மாதிரியா இருந்துச்சாம், தொறக்கல. பிள்ள திரும்பி நடந்திருச்சு. மறுநாள் பள்ளத்து ஓடையில எடுத்தோம்."

தனம் அடுப்பை ஊதினாள்.

"மூணாவது தடவயும் கூப்புட்டிருக்கும் தனம். அழுகைல குரல் வந்திருக்காது" என்றாள் அஞ்சலை. முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பங்களாவுக்கு வெளிய நடந்ததுக்கு நாங்க பொறுப்பில்லன்னுட்டாங்க. நல்லுசாமி போய் நியாயம் கேட்டான். ஒரு வாரத்துல லோரியக் கொண்டாந்து ஏத்திட்டாங்க. திலகம் ஏறமாட்டேன்னா, பிள்ள திரும்பி வரும், வந்தா வீட்டுல ஆள் வேணும்னு கத்துனா. தூக்கித்தான் போட்டாங்க."

மறுநாள் தொழிலாளர் சங்கத்து அமிர்தலிங்கம் மோட்டாரில் வந்தார். தனம் அவரை வாசலில் நிறுத்தி நேராகவே கேட்டாள்.

"அண்ணே, பிள்ளைய அனுப்பலன்னா வீட்ட விட்டுத் தள்ளிருவாங்களா?"

அவர் மோட்டாரை நிறுத்திவிட்டு இறங்கினார். "வேலைக்குச் சம்பந்தமில்லாத விசேஷத்துக்குப் பிள்ளைய அனுப்புன்னு சொல்ல எவனுக்கும் உரிமை இல்ல தங்கச்சி. வீடும் அப்படித்தான். உள்ள இருக்கிறவங்கள கோர்ட்டு ஆர்டர் இல்லாம யாரும் வெளிய தள்ள முடியாது. நல்லுசாமிக்கு இது தெரியாமப் போச்சு, நானும் ஊர்ல இல்ல. நீ வாசலத் தாண்டாத. உள்ளயே இரு. நீயா விட்டாத்தான் ஒருத்தர் உள்ள வரலாம்."

பீடோரில் இதை யாராவது சொல்லியிருந்தால், என்று தனம் நினைத்தாள். கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை.

அன்று சாயங்காலம் அவள் குணவதியை அனுப்பவில்லை. அஞ்சலையும் தன் பிள்ளைகளைப் பூட்டிவைத்தாள். லயம் முழுக்க வெளிச்சம் இருக்கும்போதே தாழ்ப்பாள்கள் விழுந்தன. அய்யாசாமிக்கு ஸ்டோரில் வேலை முடியவில்லை. பனி ஜன்னல் இடுக்கில் புகுந்து விளக்கைச் சுற்றி நின்றது. மேலே பங்களாவில் பாட்டுப் பெட்டி பாடுவது, ரொம்ப தூரத்தில் யாரோ முனகுவதுபோலக் கேட்டது. குணவதி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தாள்.

நனைந்த சாக்கு வாடை வந்தது.

தனம் ஆணியைப் பார்த்தாள். சாக்கு அசையாமல் தொங்கியது, காய்ந்துதான் இருந்தது.

கதவு தட்டும் சத்தம். கதவின் நடுவில் இல்லை. கீழே, ஒரு பிள்ளையின் கை எட்டும் உயரத்தில்.

"அம்மா."

துணிக்குள்ளிருந்து வந்தது குரல். தனம் மகளைப் பார்த்தாள். குணவதியின் வாய் நிறையக் கிழங்கு.

"அம்மா."

அவ்வளவுதான். மூன்றாவது வரவில்லை.

தனம் கதவருகே போய் நின்றாள். இப்போதாவது பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இந்தப் பனியில் ஒரு வருஷமாக அந்தப் பிள்ளை எவ்வளவு நனைந்திருக்கும் என்றுதான் தோன்றியது. ஆனால் பின்னால் அவளுடைய சொந்தப் பிள்ளை இருந்தாள். நீயா விட்டாத்தான் ஒருத்தர் உள்ள வரலாம். தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். திலகமும் இதே இடத்தில், இதே தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருப்பாள்.

வெளியே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

குணவதி எழுந்து பக்கத்தில் வந்தாள். "பாவம்மா" என்று கிசுகிசுத்தாள். "அதுக்கு மூணாவது வரமாட்டேங்குது."

"பேசாத. வாய மூடு."

"நான் சொல்லிக் கொடுக்கவா?"

தனம் அவள் வாயைப் பொத்துவதற்குள், குணவதி கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டாள்.

"அம்மா."

மூன்று ஆகிவிட்டது. தனத்தின் கை தாழ்ப்பாளை நீக்கியது. அவள் நீக்கவில்லை, கைதான் நீக்கியது. மூன்று கேட்டால் திறந்து பழகிய கை. மூன்றாவது யார் வாயிலிருந்து வந்தது என்று அது பார்க்கவில்லை.

வாசலில் யாரும் இல்லை. வெறும் பனி.

அவள் இடுப்புக்குக் கீழே, சேலையை உரசிக்கொண்டு, சில்லென்று ஏதோ உள்ளே போனது.

கதவை மூடிவிட்டுத் திரும்பினாள். சிமெண்டுத் தரையில் சின்னச் சின்ன ஈரக் கால் தடங்கள். வாசலில் ஆரம்பித்து அடுப்படியில் முடிந்தன. திரும்பி வந்த தடம் எதுவும் இல்லை. ஆணியில் இருந்த சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

விடிய விடிய மகளின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. குணவதி நன்றாகத் தூங்கினாள். சுவரோரமாக ஒதுங்கி, பாயில் பாதியை யாருக்கோ விட்டுவைத்ததுபோல.

காலையில் கிராணி இரண்டு ஆட்களோடு லோரியில் வந்து இறங்கினார். தனம் வாசலைத் தாண்டவில்லை. உள்ளே நின்றே கேட்டாள்.

"கோர்ட்டு ஆர்டர் இருக்குங்களா?"

"யாரு சொல்லிக் கொடுத்தா உனக்கு இதெல்லாம்?" என்று ஆரம்பித்த கிராணி பாதியில் நிறுத்தினார். அவர் பார்வை அவள் தோளைத் தாண்டி அடுப்படிக்குப் போயிருந்தது. குணவதி அந்நேரம் ஸ்டோருக்கு அப்பாவோடு போயிருந்தாள்.

"உனக்கு எத்தன பிள்ள?"

"ஒண்ணுதாங்க."

அவர் ஆட்களைத் திரும்ப லோரியில் ஏறச் சொன்னார். லோரி திரும்பிப் போனது. அந்த வீட்டுப் பக்கம் அவர் பிறகு வந்ததே இல்லை.

சங்கதி அஞ்சலைக்குத் தெரிந்ததும் அடித்துப்பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். பிரிஞ்சாங் ஊரில் ஒரு பூசாரி இருக்கிறார், ஒரே வீச்சில் விரட்டிவிடுவார், நாளைக்கே கூட்டிவருகிறேன் என்றாள்.

"வேணாங்கக்கா" என்றாள் தனம், அரிசியைப் புடைத்துக்கொண்டே. "உள்ள இருக்கிறவங்கள வெளிய தள்ள முடியாதாம். அமிர்தலிங்கம் அண்ணன் சொன்னாரு."

"அது மனுசங்களுக்குடி."

"இதோட அம்மாவத் தள்ளுனப்ப இது வெளிய இருந்துச்சு. இப்ப உள்ள இருக்கு. இது அதோட வீடுதானேக்கா."

அஞ்சலை அவள் முகத்தையே பார்த்துவிட்டு எழுந்து போனாள். தனத்துக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று லயத்தில் பேச்சு. அய்யாசாமியும் முதலில் அப்படித்தான் நினைத்தான். பிறகு அவனும் அடுப்படிக்குள் போகும்போது கால் பார்த்து வைத்து நடக்கத் தொடங்கினான்.

பொழுது சாயும் நேரத்தில் அடுப்படியிலிருந்து இரண்டு தடவை "அம்மா" என்று கேட்கும். குணவதி எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் மூன்றாவதைச் சொல்லி முடித்துவைப்பாள். தனம் "இந்தா வந்துட்டேன்" என்று பொதுவாகச் சொல்லிவைப்பாள். மகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தினமும் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. அதனால் அப்படியே விட்டுவிட்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் பள்ளிக்கூட லோரி வழியில் நின்றுபோனது. பிள்ளைகளை நடந்து போகச் சொல்லிவிட்டார்களாம். இருட்டிவிட்டது. பனி லயத்தையே விழுங்கியிருந்தது. தேடப் போன அய்யாசாமியும் திரும்பவில்லை. பிள்ளை வேறு வழியாக வந்துவிட்டால் வீட்டில் ஆள் வேண்டும் என்று தனம் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

கீழே, பிள்ளைக் கை எட்டும் உயரத்தில், கதவு தட்டப்பட்டது.

"அம்மா."

குரல் கட்டியிருந்தது. மூச்சு இரைத்தது. குணவதியின் குரலா என்று பிடிபடவில்லை.

"அம்மா."

தனம் தாழ்ப்பாளில் கை வைத்தாள். காத்திருந்தாள். வெளியே மூச்சுக்காற்று மட்டும். மூன்றாவது வரவில்லை.

மரத்துக் கிடந்ததெல்லாம் ஒரே நேரத்தில் வலித்தது. அவளுக்குப் பயம் வந்தது. வெளியே நிற்பது குணவதி என்றால்? இல்லை, ஓடையிலிருந்து வந்த வேறு எதுவோ என்றால்? கை தாழ்ப்பாளில் உறைந்துவிட்டது. வாசலுக்கு வெளியே ஒரு காலடி திரும்பி நகரும் சத்தம் கேட்டது.

"அம்மா."

அது அடுப்படியிலிருந்து வந்தது. முதல் தடவையாக, துணி எதுவும் மறைக்காமல், தெளிவாக.

கை தாழ்ப்பாளைத் தள்ளியது. படியில் பாதி திரும்பியபடி, தொப்பலாக நனைந்து, பேச்சு வராமல் உதடு துடிக்க நின்றாள் குணவதி. தனம் அவளை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அத்தனை நாளாக வராத அழுகை வந்தது. வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

குணவதி அவள் தோளுக்கு மேல் அடுப்படியைப் பார்த்தாள். குளிரில் நடுங்கிக்கொண்டே, தெரிந்தவளைப் பார்ப்பதுபோலத் தலையாட்டினாள்.

"கதவ மூடும்மா" என்றது அடுப்படிக் குரல். "பனி வருது."

தனம் கதவை மூடினாள்.