உந்துவிசை

இன்ஜினை அணைத்து வெகுநேரம் ஆகியும் திரையில் அந்த எண் பூஜ்யத்துக்கு இறங்கவில்லை.

வெள்ளைத்துரை முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போர் விமானத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்த இன்ஜின் அது. போடிப் பக்கம் முந்தல் கிராமத்தைத் தாண்டி மலையடிவாரத்தில், சுற்றுவட்டாரத்தில் ‘சத்தக் கட்டடம்’ என்று சொல்லப்படும் தடித்த கான்கிரீட் கூடத்துக்குள், இரும்புச் சட்டத்தில் தொங்கவிட்டு, காலை முழுக்க ஓட்டிப் பார்த்திருந்தார்கள். ஓடும்போது இன்ஜின் சட்டத்தை முன்னோக்கித் தள்ளும். எத்தனை கிலோ பலத்தோடு தள்ளுகிறது என்பதைச் சட்டத்தின் முனையில் இருக்கும் சென்சார் அளந்து, தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உள்ள கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும். இன்ஜின் நின்றுவிட்டால் தள்ளுவதற்கு எதுவும் இல்லை. ஆனால் திரையில் இருபத்திரண்டு என்று இருந்தது.

சூட்டில் எரிபொருள் குழாய்கள் விறைத்துக்கொண்டு சட்டத்தை இழுக்கும், ஆறினால் சரியாகிவிடும். அப்படி நினைத்துக்கொண்டு டீ போட்டான்.

கூட வேலை பார்க்கும் எல்லோரும் மதியமே கிளம்பிவிட்டார்கள். தேவாரத்தில் பாண்டித்துரை மகளுக்குக் காதுகுத்து, கறிவிருந்து. “யாராவது ஒருத்தர் இருக்கணும்ல, நீங்க போங்கப்பா” என்று இவன்தான் சொன்னான். யாரும் மறுத்து இரண்டாவது முறை கூப்பிடவில்லை. விமானப்படையில் இருபது வருடம் ஜெட்டுகளுக்குப் பக்கத்திலேயே நின்றதில் அவன் காதுக்குள் ஒரு மெல்லிய ரீங்காரம் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. போடியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடி அறையில் படுத்திருக்கும்போது அது ஒன்றுதான் துணை. மனைவி முத்துப்பிரியா மகளோடு கோயம்புத்தூரில் இருந்தாள். அவளுடைய போன் பேச்சு சுருங்கிச் சுருங்கி, ‘சாப்டாச்சா’ என்ற ஒற்றைச் சொல்லில் வந்து நின்றிருந்தது.

வெளியே ஐப்பசி மழை விட்டு, மலையிலிருந்து மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. ஏலத்தோட்டச் சரிவுகள் ஒவ்வொன்றாக அழிந்து, மதியமே அந்தி மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடிக்கு அப்பால் இன்ஜின் ஈயநிறத்தில், பெரிய மீனைப் படுக்கைவசத்தில் கட்டித் தொங்கவிட்டதுபோல அசையாமல் கிடந்தது.

டீ டம்ளரோடு திரும்பியபோது எண் நாற்பத்தைந்து.

அதிலும் ஒன்று கவனித்தான். எண் நிலையாக இல்லை. நாற்பத்தைந்து, நாற்பத்தொன்று, மறுபடி நாற்பத்தைந்து. கொஞ்சம் தளர்ந்து, பிறகு பலங்கொடுத்து, மூச்சு வாங்கி மூச்சு வாங்கி. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சென்சாரைப் புரியவைக்க, சட்டத்தில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளச் சொல்வது வழக்கம். ஓர் ஆள் தள்ளினால் ஏறக்குறைய இருபது கிலோ காட்டும். இதே மாதிரிதான் ஏறி இறங்கும்.

பெங்களூரில் இருந்த மேலதிகாரி சிவக்குமாருக்குப் போன் போட்டான்.

“அது பழைய சென்சார்ண்ணே. ஜீரோ பண்ணி விட்டுருங்க. காலையில லாரி வருதுல்ல, ஏத்தி அனுப்பணும்.”

“ஜீரோ பண்றது பெரிய சோலி இல்ல தம்பி. சென்சார் பொய் சொல்லுதுன்னா காலையில அது காட்டுன கணக்கு பூராவும் பொய்யில்ல? இது ஒத்த இன்ஜின் விமானம். மேல போயிப் பலம் பத்தலேன்னா, ஓட்டுற பையன் எங்க போயி எறங்குவான்?”

“சரிண்ணே. பாருங்க. வெரசாப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

கூடத்துக்குள் போனான். எரிந்த மண்ணெண்ணெய் வாடை. சூடு இறங்கும் உலோகம் எங்கோ டக் டக்கென்று சுண்டிக்கொண்டிருந்தது. முன்பக்கம் காற்று வரும் சுவர்த்தடுப்புகளின் இடுக்கு வழியே மூட்டம் பஞ்சுபஞ்சாக உள்ளே நுழைந்து, தரையோடு தவழ்ந்து, இன்ஜினுக்கு அடியில் புகுந்து, பின்னால் இருந்த புகைச் சுரங்கத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. லாரி ஒன்று நுழையும் அளவுக்கு அகலமான இரும்புக் குழாய் அது. நெருப்பையும் இரைச்சலையும் வாங்கி மலையைப் பார்த்திருக்கும் புகைபோக்கியில் விடும். உள்ளே கரி அப்பிய இருட்டு. எங்கோ ஆழத்தில் தண்ணீர் சொட்டியது.

அவன் குழாய்களைக் கழற்றினான். வயரை மாற்றினான். சட்டத்தைத் தாங்கும் தகடுகளில் கல்லோ குப்பையோ சிக்கியிருக்கிறதா என்று குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தான். எதுவும் இல்லை. சட்டத்தைத் தவிர வேறெதுவும் இன்ஜினை இப்போது தொடவில்லை. திரும்பி வந்து பார்த்தால் அறுபத்தாறு.

ஒருவர் உள்ளே சட்டத்தைப் பிடிக்க, ஒருவர் வெளியே எண்ணைப் படிக்க வேண்டும். கேட்டில் காவலுக்கு இருந்த அமாவாசையைக் கூப்பிட்டான்.

அமாவாசைக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். முன்பு மலைமேல் ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர். போன வருடம் இதே ஐப்பசியில், தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப்பு, இந்தக் கட்டடத்துக்கு நேர் மேலே உள்ள வளைவில் மூட்டத்துக்குள் நின்றுபோனது. பெண்கள் இறங்கித் தள்ளியிருக்கிறார்கள். ஜீப்பு பின்னால் உருண்டுவிட்டது. தள்ளியவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. அமாவாசையின் மனைவி அன்னக்கொடியும் அதில் ஒருத்தி. அதற்குப் பிறகு அவர் மலை ஏறவில்லை. வீட்டிலும் இருக்க முடியவில்லை. இங்கே கேட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

“இந்த நம்பரை மட்டும் பாத்து மைக்குல சொல்லுங்கண்ணே. வேற எதையும் தொட வேணாம்.”

“சரிங்க சார்.”

வெள்ளைத்துரை உள்ளே போய் இன்ஜினின் முன்பக்கம் நின்று, சட்டத்தில் தோளைக் கொடுத்து எதிர்ப்பக்கமாக அழுத்தினான். பேசவும் கேட்கவும் சுவரில் வைத்திருந்த ஒலிபெருக்கி கரகரத்தது.

“அம்பது… நாப்பத்தெட்டு சார்.”

குறைகிறது. சென்சார் சரியாகத்தான் இருக்கிறது. நிம்மதியாகத் தோளை எடுத்தான். “இப்ப?”

“அறுவத்தாறுக்கே போயிருச்சு.”

சென்சார் பொய் சொல்லவில்லை. அப்படியானால், உண்மையிலேயே ஏதோ தள்ளுகிறது. கூடத்தின் மறுகோடியில் சுரங்கத்தின் வாய் முன்பைவிட அகலமாகத் தெரிந்தது.

ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது.

“சார், அந்தப் பொம்பளையாளையும் கொஞ்சம் வெலகி நிக்கச் சொல்லுங்க. கையெடுத்தா நம்பரு கொறையுதான்னு பாப்போம்.”

அவன் அசையவில்லை.

“எந்தப் பொம்பளைண்ணே?”

“பின்னால நின்னு தள்ளுதே. கூட்டுறதுக்கு வர்ற ஆளுதானே? சாக்கை இடுப்புல கட்டிக்கிட்டு…”

இன்ஜினின் நீளத்துக்கு அந்தப் பக்கம், வால் முனையில், மூட்டம் மட்டும் இருந்தது. அது தரையிலிருந்து இடுப்பளவு எழும்பி நின்றது. அங்கிருந்து ஒரு வாடை வந்தது. மண்ணெண்ணெய் இல்லை. நனைந்த சாக்கு. பச்சை ஏலக்காய்.

ஓடவில்லை, ஓடினால் பின்னால் திரும்பிப் பார்த்துவிடுவோம் என்று பயந்து, சுவரைப் பிடித்தபடியே நகர்ந்து, இரும்புக் கதவைத் தாண்டிக் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தான்.

அமாவாசை எழுந்து நின்று, கண்ணாடியில் நெற்றி பட உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அழுகிற முகமாக அது இல்லை.

“இடது காலை முன்ன ஊனிக்கிட்டுத்தான் தள்ளுவா” என்றார். “குறுக்குப் புடிச்சுக்குரும், அப்பிடித் தள்ளாதேன்னு எத்தனை தடவை சொல்லிருப்பேன்.”

“அண்ணே, உள்ள ஆரும் இல்ல. நான் இப்ப அங்கிருந்துதான வர்றேன்.”

“அன்னக்கொடிதான் தள்ளுறா சார்.”

“அண்ணே…”

“பின்னால இன்னும் ஆளுக நிக்கிறாக. ஆனா மொத ஆளா நின்னு முழுப் பலத்தையும் அவதான் தாங்குறா.”

வெள்ளைத்துரை கண்ணாடிக்குள் பார்த்தான். இன்ஜின். மூட்டம். சுரங்கம். அவ்வளவுதான். திரையில் எண்பத்தொன்பது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூற்றுப் பத்து. யாரோ ஒவ்வொருவராக வந்து கைகொடுக்கிறார்கள்.

அவரைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தான். “இங்கனயே இருங்கண்ணே. மெயினை அணைச்சுட்டு வர்றேன். வெளிய போயிருவம்.” அவர் தலையாட்டினார்.

நடைவழியின் கடைசியில் மின்பெட்டி. கைப்பிடியைக் கீழே இழுத்தான். விளக்குகள் அணைந்தன. கட்டடத்துக் காற்றாடிகளின் உறுமல் தணிந்து ஓய்ந்தது. அந்த நிசப்தத்தில்தான் உணர்ந்தான், இத்தனை வருடமாக விடாத காது ரீங்காரமும் சேர்ந்து நின்றுபோயிருந்தது. அவ்வளவு சுத்தமான அமைதியை அவன் மறந்தே போயிருந்தான்.

அந்த அமைதிக்குள் இரும்புக் கதவு திறந்து மூடிக்கொண்டது.

ஓடினான். நாற்காலி காலி. திரை இருண்டிருந்தது. தடுப்புகளின் இடுக்கு வழியே வந்த சாம்பல் வெளிச்சத்தில் கண்ணாடிக்கு அப்பால் அமாவாசை தெரிந்தார். இன்ஜினின் வாலைத் தாண்டி வெகுதூரம் பின்னால், சுரங்கத்தின் வாய்க்குள் நின்றிருந்தார். இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, உள்ளங்கைகளை வெறும் காற்றில் ஊன்றியிருந்தார். தலை குனிந்து, கால் பின்னே வழுக்க, தள்ளிக்கொண்டிருந்தார்.

காற்றின்மேல் சாய்ந்தும் அவர் விழவில்லை.

விட்டுவிட்டுப் போயிருக்கலாம். கேட் திறந்துதான் இருந்தது. போடி போகும் சாலை ஒரு கூப்பிடு தூரம். ஆனால் அந்த மனிதரை இந்த இருட்டில் தனியே விட்டுப் போவதை வெள்ளைத்துரையால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கதவைத் திறந்தான்.

உள்ளே குளிர். மலை உச்சிக் குளிர். சட்டம் முனகியது. பல மூச்சுகள் ஒரே சமயத்தில் இழுத்து, ஒரே சமயத்தில் விட்டன.

“அண்ணே! வாங்க. போதும், வாங்க.”

தோளைப் பிடித்து இழுத்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அவர் நகரவில்லை. பின்னால் போய், இடுப்போடு கட்டிப்பிடித்து இழுத்தான். கரியில் கால் வழுக்கியது. ஊன்றி நின்றான். மறுபடி வழுக்கியது.

அமாவாசை திரும்பிப் பார்க்காமலே சொன்னார், மெதுவாக, பக்கத்து வயல்காரரிடம் கேட்பது போல:

“ஒரு கை குடுங்க சார். இன்னும் கொஞ்சந்தான். கெளம்பிரும்.”

“வேணாம்ணே…”

விழாமல் இருக்க அவர் முதுகில் கையை ஊன்றினான். அதற்காகத்தான் ஊன்றினான்.

முதுகு சூடாக இருந்தது.

ஒரு மனித உடம்பைத் தொட்டு எத்தனை நாள் ஆயிற்று. அந்தச் சூடு உள்ளங்கை வழியே ஏறியது. முன்னால் இருந்தவர் மூச்சிழுத்தார். இவனும் இழுத்தான். அவர் விட்டார். இவனும் விட்டான். கையை எடுக்க வேண்டும் என்று தெரிந்தது. எடுக்கவில்லை. கால் தானாகப் பின்னே ஊன்றிக்கொண்டது. இடுப்பு தானாகச் சாய்ந்தது.

தள்ளினான்.

தூரத்தில், இன்ஜினின் முகத்தில், விசிறித் தகடுகள் கிணுகிணுத்தன. எரிபொருள் இல்லை. மின்சாரம் இல்லை. விசிறி அரைச்சுற்று சுற்றியது. நின்றது. மறுபடி அரைச்சுற்று. முன்னால் இருட்டில் யாரோ சிரித்தார்கள், சந்தோஷமாக. வண்டி கிளம்பப் போகிறது என்ற சந்தோஷம்.

வரிசையில் தான்தான் கடைசி ஆள். இப்போதே கையை எடுத்தால் போய்விடலாம். இப்போதே.

அப்போது அவன் முதுகில் இரண்டு உள்ளங்கைகள் பட்டன. சின்னக் கைகள். ஈரம்.

அவை அழுத்தின. வழுக்கின. ஒரு கணம் முதுகை விட்டு விலகின. சேலையில் கையைத் துடைத்துக்கொள்ளும் ஓசை அவன் காதுக்கு வெகு அருகில் கேட்டது. பிறகு அந்தக் கைகள், இந்த முறை நன்றாக விரிந்து, அவன் தோள்பட்டைகளுக்கு நடுவே வந்து பதிந்தன.