பழைய துறையில் காத்திருந்தவர்

ஃபிதெல்மார் ஐயாவின் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை பதினொரு மணி இருக்கும். விடாத தூறல். ஆற்றங்கரையில் தனியாக நிற்கும் மரவீடு அது; தெற்கே வரும்போதெல்லாம் நாங்கள் தங்கும் இடம். உள்ளே விறகுப் புகையும் ஈரக் கம்பளியின் வாடையும்.

நானும் என் கணவரின் தம்பி அப்தோனும் சாகசப் பயணங்களுக்கு ஆட்களை அழைத்துப் போகிறவர்கள். ஜனவரியில் எட்டுப் பேர் தலைநகர் சந்தியாகோவிலிருந்து வருவதாக இருந்தது. வடக்கே அரிக்காவின் பாலைவனத்தில் தொடங்கி, தெற்கே பனிப்பாறையில் முடிகிற ஐம்பத்திரண்டு நாள் பயணம். கடைசிப் பகுதி மட்டும் முடிவாகவில்லை. அதை எப்போதும் என் கணவர் சீரோதான் வகுப்பார்.

ஏப்ரலில் இதே ஆற்றைக் குதிரையில் கடக்கும்போது அவரைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. நான்காம் நாள் உடல் கிடைத்தது. அடக்கம் செய்தோம். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அதன்பின் எதுவுமே வரவில்லை. உப்புப் போட்டுச் சாப்பிட்டேனா, போடாமல் சாப்பிட்டேனா என்றுகூடத் தெரியாமல் ஏழு மாதம் ஓடியிருந்தது.

அப்தோன் மேசையில் வரைபடத்தை விரித்தான். பாதிக்கு மேல் மேசையை விட்டுத் தொங்கியது.

"இந்த நாட்டை விரிக்க ரெண்டு வீட்டு மேசை வேணும் அண்ணி. கடவுள் மீந்துபோன நிலத்தையெல்லாம் ஓரமா நீட்டி வச்சிட்டாரு போல."

ஃபிதெல்மார் ஐயா சிரித்தபடி மாத்தே தேநீர்க் குடுவையை அவனிடம் நீட்டினார். "பேச்சைக் குறைச்சு உறிஞ்சுடா, ஆறிடும்."

"மிதவையில போனா ரெண்டு நாள் சுத்து. பழைய துறை வழியாவே போகலாம்" என்றேன்.

அப்தோனின் சிரிப்பு நின்றது. "அண்ணனை இழுத்துட்டுப் போன துறை அது."

"நல்ல குதிரை இருந்தாக் கடக்கலாம்."

யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு மணிக்கு ஐயா ரேடியோவைப் போட்டார். தொலைபேசி எட்டாத பண்ணைகளுக்கு அந்த நேரத்தில்தான் செய்தி சொல்வார்கள். "எர்வினுக்கு: அம்மா ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தாச்சு, சனிக்கிழமை காளையை ஓட்டிக்கிட்டு வா." நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

"நெல்தா பர்ரியாவுக்கு" என்று என் பெயரைச் சொன்னது அறிவிப்பாளரின் குரல். "ஜனவரியில வர்ற எல்லாரையும் பழைய துறை வழியாவே கூட்டிட்டு வா. தண்ணி இறங்கிடுச்சு. எதிர்க்கரையில நிக்கிறேன். சீரோ."

அடுத்த செய்தி யாருடைய கம்பளியையோ பற்றியது.

நான் கையிலிருந்த கிழங்கை உரித்து முடித்தேன்.

அப்தோன் எழுந்து நின்றிருந்தான். "எவன் இப்படி வெளையாடுறது?"

ஐயா ரேடியோவை அணைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "உனக்குத் தெரியும்னு நெனச்சேன்மா. அடக்கம் பண்ண மறுநாள்லேர்ந்து வருது."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை கெடையாது. அன்னைக்கு ஸ்டேஷன் லீவு." அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். "நேர்லயே போய்க் கேட்டேன். காலையில திறக்கும்போது கதவடியில செய்தி எழுதின தாள் கெடக்குமாம். நனைஞ்சு கெடக்குமாம். இதுவரைக்கும் 'எப்ப வர்றே'ன்னு மட்டுந்தான் இருந்துச்சு. 'எல்லாரையும்'னு வந்தது இன்னைக்குத்தான்."

மூன்று மணிக்கு நான் துறைக்கு நடந்தேன். அப்தோன் கெஞ்சிக்கொண்டே பின்னால் வந்தான்.

நவம்பரில் மலைப்பனி உருகி, ஆறு குதிரையின் வயிற்றுக்கு மேல் ஓட வேண்டும்.

கூழாங்கற்கள் தெரிந்தன.

கணுக்கால் அளவுத் தண்ணீர், சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. எதிர்க்கரையை மூடுபனி மறைத்திருந்தது. அதற்குள் ஒரு குதிரை கனைத்தது. சேணத் தோல் முறுகும் ஓசை. பிறகு ஈரமான புகையிலை மணம்.

நான் இறங்கினேன். உருகிய பனிநீர் காலைக் கடிக்க வேண்டும். கடிக்கவில்லை.

"அண்ணி!"

பத்தடி போயிருப்பேன். பயமில்லை, ஆசையுமில்லை. கால்கள் போயின, நானும் போனேன்.

மூடுபனிக்குள்ளிருந்து மெதுவாக ஒரு குரல்: "இன்னும் கொஞ்சந்தான்."

அப்தோன் பாய்ந்து என் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தான். கரையில் இருவரும் விழுந்தோம்.

ஆற்றின் மேல்பக்கமிருந்து பாறை உருளும் முழக்கம்.

பழுப்புத் தண்ணீர் ஆள் உயரத்துக்கு வந்து, நான் நின்ற இடத்தை மூடிக்கொண்டு போனது.

"ஏன் இழுத்தே?" என்று கேட்டேன்.

அவன் என் கன்னத்தில் அறைந்தான். மறுநொடியே அழுதான். "நீ சாகணும்னா சாவு அண்ணி. எட்டுப் பேரை எழுதி வச்சிருக்கோமே! அவங்க வீட்ல பிள்ளைங்க இருக்கு!"

அவன் அறைந்த இடம் எரிந்தது. பல மாதங்களுக்குப் பிறகு என் உடம்பில் எனக்குத் தெரிந்த முதல் விஷயம் அந்த எரிச்சல்தான். அதைக் கையால் மூடி வைத்துக்கொண்டேன், அணைந்துவிடக் கூடாது என்பதுபோல. ஐயா வீட்டுக்குத் திரும்பியதும் பழைய துறையை வரைபடத்தில் அடித்துவிட்டு மிதவைக்குக் கோடு போட்டேன்.

மறுநாள் வானொலி நிலையத்துக்குப் போய் ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். "சீரோவுக்கு: நான் வரவில்லை. அவர்களையும் அனுப்ப மாட்டேன். நெல்தா."

அறிவிப்பாளர் பெண் ஒரு மணிக்கு அதைப் படித்தாள். அதன்பின் கதவடியில் தாள் எதுவும் கிடக்கவில்லையாம்.

ஜனவரிப் பயணத்துக்கு வழிகாட்டிகளாக நானும் அப்தோனும் மட்டுமே போனோம். நல்லபடியாக நடந்தது. மிதவையில் கடந்தோம். எட்டுப் பேரும் பத்திரமாக வீடு சேர்ந்தார்கள்.

மார்ச்சில், குழுவிலேயே மூத்தவரான கணக்கு ஆசிரியை இசௌராவிடமிருந்து கடிதம் வந்தது. எனக்கும் அப்தோனுக்கும் நன்றி சொல்லியிருந்தார். பிறகு இப்படி எழுதியிருந்தார்:

"பனிப்பாறையில் ஏறும்போது நான் பின்தங்கிவிட்டேன். அப்போது எனக்குக் கை கொடுத்தாரே, உங்கள் மூன்றாவது வழிகாட்டி, அவருக்கும் சொல்லுங்கள். பாவம், கையுறைகூட இல்லை. பெயர் கேட்டேன், சொல்லவில்லை. அடுத்த பயணம் எப்போது என்று மட்டும் விசாரித்தார். ஏப்ரலில் பாலைவனத்திலிருந்து தொடங்குவதாக நீங்கள் சொன்னதைச் சொன்னேன். இந்த முறை அரிக்காவிலிருந்தே கூட வருவதாகச் சொன்னார்."