வீடு என்ற இணைப்பிடம்

கண் விழித்ததும் தெய்வசிகாமணிக்கு முதலில் தன் பெயர் வந்தது. பிறகு மொழி வந்தது. பிறகு அவர் மேற்பார்வை பார்க்கும் தண்ணீர் ஆலையின் குழாய் வரைபடம் வந்தது. எல்லாம் ஒவ்வொன்றாக வந்து பொருந்தும்வரை கட்டிலில் சும்மா கிடப்பது செவ்வாய்க் குடியிருப்பில் எல்லோருக்கும் பழக்கம்தான். அவசரப்பட்டு எழுந்துவிட்டு, பல்துலக்கியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று முழித்தவர்கள் உண்டு.

மண்டைக்குள் இடம் கொஞ்சம், போட வேண்டிய சாமான் ஏராளம். அதனால் நினைவுகளைப் பேழைகளில் ஏற்றி வெளியே வைத்துவிட்டு, மூளையில் ஆளுக்குச் சில இடங்களைக் குறித்து, அங்கே பேழைகளை இணைத்துக்கொள்கிறார்கள். அந்த இடங்களுக்கு இணைப்பிடம் என்று பெயர். ‘மொழி’ ஓர் இணைப்பிடம், ‘வேலை’ ஓர் இணைப்பிடம், ‘வீடு’ ஓர் இணைப்பிடம். எந்தப் பேழை எங்கே என்று ஒரு தடவை சொல்லிவைத்தால் போதும், தினமும் விழிக்கும்போது தானாக வந்து உட்கார்ந்துவிடும். பேழையில் ஏறாமல் மண்டையிலேயே தங்கிப்போன மிச்சம் மீதிக்குப் பச்சை நினைவு என்று பெயர். தப்பும் தவறுமாக இருக்கும், நாளுக்கு ஒரு மாதிரி மாறும். அதை யார் மதிக்கிறார்கள்?

கடைசியாக ‘வீடு’ வந்தது. தெய்வசிகாமணி கண்ணை இறுக மூடிக்கொண்டு, நேற்றுப் போலவே இன்றும் தேடினார். மனைவியின் முகம் கிடைக்கவில்லை.

வசுமதி திடீரென்று போய்விட்டாள். காலையில் கீரைத் தொட்டிக்குத் தண்ணீர் விட்டவள் மத்தியானம் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் கிளம்புவதற்குள் தெய்வசிகாமணி நினைவு நிலையத்துக்கு ஓடி, அவளுடைய பேழையைத் தன் தலையில் இணைக்கச் சொல்லி நின்றார். இறந்தவரின் பேழையைத் துணைக்குக் கொடுப்பது குடியிருப்பின் வழக்கம்தான். நிலையத்தில் இணைப்பு வேலை பார்த்த சௌந்தரி அன்றே எச்சரித்தாள்.

“எங்க சார் இணைக்கட்டும்?”

“இதென்ன கேள்விம்மா? வசுமதி எங்க இருப்பா? வீட்லதான்.”

“அங்க உங்க பச்சை நினைவு கிடக்கு சார். காலியா புதுசா ஒரு இடம் போட்டு அதுல இணைச்சுக்கலாம். ஏற்கெனவே சாமான் இருக்கற இடத்து மேல இணைச்சா, அடியில இருக்கறது அழியாது. ஆனா கண்ணுக்குத் தெரியாமப் போயிடும்.”

“அவளைக் கொண்டுபோய் எங்கயோ ஓரத்துல, காலி இடத்துல உக்கார வைக்கச் சொல்றியா? அவ வீட்டுக்காரிம்மா! என் பச்சை நினைவுல என்ன பெரிசா இருக்கு? எனக்கு நேத்து சாப்பிட்டதே ஞாபகம் இருக்காது.”

சௌந்தரி பெருமூச்சு விட்டாள். மனைவியை இழந்து வருகிற ஆண்கள் எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். அழுகிற மனுஷனிடம் எவ்வளவுதான் வாதாடுவது? இணைத்துவிட்டாள்.

முதல் சில நாள் அவருக்குச் சொர்க்கமாக இருந்தது. வசுமதி ஒரு பதிவுப் பைத்தியம். கண்ணில் பட்டதெல்லாம் பேழையில் ஏற வேண்டும் அவளுக்கு. காதுக்குப் பின்னால் இருக்கும் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் தட்டில் கை வைப்பாள். செவ்வாயின் நீல அந்தி, கீரைத் தொட்டியின் முதல் இலை, கல்யாண வீட்டுப் பந்தி என்று எல்லாம் துல்லியமாக இருந்தன. எல்லாவற்றிலும் தெய்வசிகாமணி இருந்தார். சாப்பிடும் தெய்வசிகாமணி, கொட்டாவி விடும் தெய்வசிகாமணி, உள்ளங்கைத் திரையில் ஆலைக் கணக்கைப் பார்த்துக்கொண்டு முதுகைக் காட்டும் தெய்வசிகாமணி. நடுநடுவே அவள் குரல் கேட்டது. “இப்படித் திரும்புங்க. கொஞ்சம் சிரிங்களேன், காசா பணமா?”

அவள் மட்டும் எதிலும் இல்லை. எடுத்தவள் எப்படிப் படத்தில் இருப்பாள்? அவருக்கோ பதிவு செய்யும் வழக்கமே கிடையாது. அதெல்லாம் அவள் வேலை என்று இருந்துவிட்டார். கண்ணாடி முன்னால் நின்றபோதாவது தன்னை எடுத்திருக்கக் கூடாதா? அந்த நேரத்தில் ஒழுங்காகப் பொத்தானை அணைத்திருந்தாள், பாவி. குடியுரிமை அட்டையில் ஒரு முகம் இருந்தது. யாரோ ஒருத்தி முறைத்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அழுகையாக வந்தது.

அன்றைக்கு ஆலைக்குப் போகாமல் நேராக நினைவு நிலையத்துக்குப் போனார்.

“கழட்டிடும்மா. எனக்கு அவ முகம் வேணும். அடியில கிடக்குன்னு சொன்னியே, அது போதும்.”

சௌந்தரி கட்டளை கொடுத்தாள். திரையில் ஒரு வரி வந்தது. ‘பிரிக்க இயலாது. பயன்பாட்டில் உள்ளது.’

“சார், நீங்க இப்ப உள்ள எதையாவது தேடிக்கிட்டு இருக்கீங்களா?”

“அவ முகத்தைத்தான்.”

“உள்ள ஆள் இருக்கும்போது பேழையைக் கழட்ட முடியாது. ஒரு நிமிஷம் அவங்களை நினைக்காம இருங்க.”

“அது எப்படிம்மா முடியும்?” என்றார் தெய்வசிகாமணி. “கண்ணை மூடினாலும் அதான், திறந்தாலும் அதான்.”

“இன்னொண்ணும் சொல்லிடறேன், கேட்டுக்குங்க. கழன்ற உடனே எதையும் பதிவு பண்ணிடாதீங்க. புதுப் பதிவுக்குப் புதுப் பேழை திறந்து நேரா ‘வீட்டு’ மேலதான் வந்து உட்காரும். மறுபடி மூடிக்கும்.”

“நான் எந்தக் காலத்துல பதிவு பண்ணேன்?”

அவள் மறுபடி கட்டளை கொடுத்தாள். அதே வரி. இன்னொரு தடவை. அதே வரி. பிறகு நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, வேண்டுமென்றே சலித்துக்கொண்டாள்.

“அது கிடக்கட்டும் சார். எங்க பக்கம் ஏன் தண்ணியே ஏற மாட்டேங்குது? அந்த நாலாம் பம்ப்பு சுத்த மோசம்னு எல்லாரும் சொல்றாங்களே.”

“எவன் சொன்னான்?” தெய்வசிகாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். “பம்ப்பு மேல என்ன குறை? வால்வை மாத்துங்கன்னு தலையால தண்ணி குடிக்கறேன், மேலிடத்துல காதுல வாங்கறாங்களா? துருவேறின வால்வை வெச்சுக்கிட்டு பம்ப்பைக் குத்தம் சொன்னா? நீயே சொல்லும்மா, அழுத்தம் எப்படி...”

சௌந்தரியின் விரல் மேசைக்கு அடியில் மெல்ல அசைந்தது. பேழை கழன்றது.

பேச்சு பாதியில் நின்றது.

மலையடிவாரத்துக்குப் போகும் வண்டி. ஜன்னலோர இருக்கை. மூக்கு நுனியில் வியர்வை, காதோரம் நரை, முன்பல் ஒன்று லேசாக இன்னொன்றின் மேல் ஏறியிருந்தது. அந்தப் பல்லை எப்படி மறந்தார்? புடவை பச்சையா நீலமா என்று நிலையாகத் தெரியவில்லை. பச்சை நினைவு அப்படித்தான். ஆனால் வசுமதிதான். சந்தேகமே இல்லை, அவருடைய வசுமதி. அவரைப் பார்த்துச் சிணுங்கினாள்.

“என்னங்க, எப்பப் பார்த்தாலும் நான்தான் எடுக்கறேன். ஒரே ஒரு தடவை நீங்க என்னை எடுங்களேன்.”

அன்றைக்கு அவர் உள்ளங்கைத் திரையில் மூழ்கியிருந்தார். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அப்புறம் எடுக்கறேன்” என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு பார்வைதான் இத்தனை காலமும் அடியில் கிடந்திருக்கிறது.

தெய்வசிகாமணியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

“இதோ வசு. இதோ எடுத்துடறேன்.”

கை காதுக்குப் பின்னால் போயிற்று. எதிரே வந்து நின்றதைக் கண்குளிரப் பார்ப்பதற்கு முன் எடுத்து வைத்துக்கொள்ள ஓடும் அந்தக் கைப்பழக்கம் மனிதர்களோடு பூமியிலிருந்து வந்தது. கப்பல்களில் ஏற்றி வந்த சாமான்களில் அது ஒன்றுதான் இன்றுவரை பழுதாகவில்லை.

“சார், வேண்டாம் சார்!” சௌந்தரி எழுந்து ஓடி வருவதற்குள் பொத்தான் அழுந்திவிட்டது. புதுப் பேழை ஒன்று திறந்து, ‘வீடு’ என்ற இடத்தில் வந்து கச்சிதமாக உட்கார்ந்தது.

“முகம் நல்லா விழுந்துச்சாம்மா?” என்று ஆசையாகக் கேட்டார். கேட்கும்போதே அவர் முகம் மாறியது.

பதிவு துல்லியமாகத்தான் விழுந்திருந்தது. அதில் நிலையத்தின் வெள்ளைச் சுவர் இருந்தது. மேசை இருந்தது. கையை நீட்டிக்கொண்டு பதறி ஓடி வரும் சௌந்தரி இருந்தாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சுவருக்குள் வசுமதியைத் தேடத் தொடங்கினார். சௌந்தரி கட்டளை கொடுத்துப் பார்த்தாள். ‘பிரிக்க இயலாது. பயன்பாட்டில் உள்ளது.’

“சார், அந்த நாலாம் பம்ப்பு...” என்று மெதுவாக ஆரம்பித்தாள்.

இந்தத் தடவை அது அவர் காதில் விழவே இல்லை.