சுவரில் அம்மா

பஞ்சாயத்துத் தேர்தலில் மோனிஷாவின் அம்மா தோற்றுப்போனாள். வார்டில் நின்ற மூன்று பேரில் கடைசி இடம். கிடைத்தது நாற்பத்தொரு ஓட்டு.

ஏலப்பாறைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள் சுருளியம்மாள். மழைக்காலத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே இருந்த மரப்பாலத்தை ஓடை அடித்துக்கொண்டு போய்விட்டது. பிள்ளைகள் மலையைச் சுற்றிப் பள்ளிக்கூடம் போக வேண்டியதாயிற்று. இரண்டு கட்சிக்காரர்களிடமும் போய்க் கேட்டாள். இருவரும் “பார்க்கலாம்” என்றார்கள். அதனால்தான் எந்தக் கட்சியும் இல்லாமல், குடைச் சின்னத்தில் அவளே நின்றாள்.

ஓட்டு நாளன்று நல்ல மழை. லயத்தில் பாதிப் பேர் பூத்துப் பக்கமே போகவில்லை. போனவர்களும் தாத்தா காலத்துச் சின்னத்தையே தேடி அமுக்கிவிட்டு வந்தார்கள்.

“நீ நல்லவதான் சுருளி. ஆனா எங்க வீட்டு ஓட்டு எப்பவும் அங்கதான்” என்று முகத்துக்கு நேராகவே சொன்னவர்களும் உண்டு.

அதன் பிறகு அம்மா யாரிடமும் பேசுவதில்லை. முன்பாதையை விட்டுவிட்டு, லயத்துக்குப் பின்னால் சாக்கடை ஓரமாகவே வேலைக்குப் போனாள். தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டு சோலையும் அம்மாவும் எந்நாளும் ஒன்றாகத்தான் கொழுந்து பறிப்பார்கள். இப்போது அம்மா வேறு வரிசைக்குப் போய்விட்டாள். சோலையின் வீட்டுக்காரர் ஜெயித்த கட்சியின் யூனியனில் இருக்கிறார்.

“ஏம்மா பின்பக்கமாவே போற? அங்க வழுக்குமே” என்று மோனிஷா கேட்டாள்.

“அந்தச் சுவரப் பாக்க முடியலடி.”

முன்பாதையில் பஸ் நிறுத்தச் சுவர் முழுக்க அம்மாதான். கைகூப்பிச் சிரிக்கிற போஸ்டர்கள். மழையில் நனைந்து, ஓரம் கிழிந்து தொங்கின. யாருடைய ஆடோ ஒரு போஸ்டரில் அம்மாவின் குடையைத் தின்றுவிட்டிருந்தது. பக்கத்திலிருந்த மற்ற இரண்டு சின்னங்களையும் அது விடவில்லை. ஆட்டுக்குக் கட்சி கிடையாது போலும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா சந்தைக்குப் போனதும், மோனிஷா ஒரு வாளித் தண்ணீரும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு சுவருக்கு வந்தாள்.

மைதாப் பசை காய்ந்து கல்லாகியிருந்தது. நகத்தால் கிளப்பி மெல்ல இழுத்தாள். சர்ரென்று கிழிந்தது. பாதி அம்மா கையில் வந்தாள். மீதி சுவரிலேயே இருந்தாள். அந்த ஒற்றைக் கண் மோனிஷாவையே பார்த்தது. அதைச் சுரண்ட அவளுக்குக் கை வரவில்லை. துணியை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள்.

“பச்சத் தண்ணிக்கு வராது மோனி.”

சோலை அத்தை. கையில் ஆவி பறக்கும் குண்டான்.

சுடுதண்ணீரைத் துணியில் நனைத்து ஒவ்வொரு போஸ்டரிலும் ஒத்தி எடுத்தாள் சோலை. பசை இளகியது. அடுத்த போஸ்டர் முழுசாகக் கழன்று வந்தது. மோனிஷா அதை மடிக்காமல், முகம் கசங்காமல் சுருட்டி வைத்தாள். ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனார்கள்.

அப்போதுதான் மோனிஷா சோலையின் இடதுகை விரலைப் பார்த்தாள்.

“அத்தை, ஒங்க விரல்ல மையே இல்லயே?”

சோலையின் கை நின்றது.

“நான் ஓட்டுப் போடப் போகலடி. அவரு சொன்ன சின்னத்துக்குப் போட்டா ஒங்கம்மா மூஞ்சிய எப்பிடிப் பாக்க? ஒங்கம்மாவுக்குப் போட்டா அவருகிட்ட என்னன்னு சொல்ல? காய்ச்சல்னு சொல்லிப் போத்திப் படுத்துட்டேன்.”

மோனிஷாவுக்குக் கோபம் வந்தது. “நீங்க போட்டிருந்தா நாப்பத்திரண்டு ஆகியிருக்கும்ல?”

“ஆகியிருக்கும்” என்றாள் சோலை. குரல் உடைந்தது. “தெனமும் அதத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்.”

அத்தை அழுது மோனிஷா பார்த்ததில்லை. கோபம் எங்கோ போய்விட்டது.

“அம்மாகிட்ட இதச் சொல்லிருங்க அத்தை.”

“அவ என்னைத் திரும்பியே பாக்க மாட்டேங்குறா.”

“நான் கூட நிக்கிறேன்.”

பஸ் வந்தது. சந்தைப் பையோடு இறங்கிய அம்மா, தலையைக் குனிந்தபடி வேகமாக நடந்தாள். இரண்டு எட்டு வைத்ததும் நின்று நிமிர்ந்தாள். அவள் போஸ்டர் இருந்த இடமெல்லாம் வெறும் ஈரம்.

மோனிஷா சோலையின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அந்த விரலை அம்மாவின் முன்னால் நீட்டிப் பிடித்தாள்.

“பாரும்மா. அத்தை யாருக்குமே போடல. வீட்டுல காய்ச்சல்னு சொல்லிப் படுத்துட்டாங்களாம்.”

அம்மா விரலை வெகுநேரம் பார்த்தாள். பிறகு சோலையைப் பார்த்தாள்.

“எனக்குப் போட்டுட்டு அவருகிட்டப் பொய் சொல்ல வேண்டியதுதானடி?”

“எனக்குப் பொய் சொல்ல வராது, சுருளி.”

“காய்ச்சல்னு சொன்னியாமே? அது என்ன?”

சோலை திருதிருவென விழித்தாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்தது.

“நீ போட்டிருந்தாலும் நான் தோத்துதான் இருப்பேன், போ” என்றாள். ஆனால் சோலையின் கையை விடவில்லை. பையின் ஒரு காதை சோலை பிடித்துக்கொள்ள, மூவரும் முன்பாதையிலேயே லயத்துக்கு நடந்தார்கள்.

அன்று ராத்திரி அம்மா தட்டை எடுத்து வைத்துச் சாப்பிட உட்கார்ந்தாள். பாதிச் சோற்றில் திடீரென்று அழத் தொடங்கினாள்.  மோனிஷா தண்ணீர்ச் செம்பை அருகில் நகர்த்தி வைத்துவிட்டு, அம்மாவின் முதுகில் சாய்ந்துகொண்டாள். அம்மா அழுது முடித்தாள், மூக்கைத் துடைத்துக்கொண்டாள், மீதிச் சோற்றையும் சாப்பிட்டாள்.