பதினான்கு கைரேகைகள்

துளை போடும் மெஷினின் லிவரை அமுக்கினால் ஒரு 'டக்'தான் கேட்க வேண்டும். அன்று இரண்டு கேட்டது.

இரண்டாவது சத்தம், துளை போட்டு அடுக்கிய தாள்களுக்குள்ளிருந்து வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருக்கும் செல்வலட்சுமி கையை எடுத்தாள். மதியம் மூன்று மணி. கரண்ட் இல்லை. வெயிலுக்காகப் பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் சாலை வெள்ளையாகக் காந்தியது. கடைக்குள்ளோ பசையும் டோனர் பொடியும் மணக்கும் இருட்டில், இன்னொரு வாடையும் மெல்லக் கலந்துகொண்டிருந்தது. கந்தகம்.

இரண்டாயிரம் தாள். ராஜபாளையத்திலிருந்து காரில் வந்த பிரேம்குமார் இறக்கிவிட்டுப் போனது. வெடித்துப்போன பட்டாசு ஆலையின் மேனேஜர். "நாளைக்குக் கோர்ட்டுல கொடுக்கணும். அஞ்சு மணிக்கு வாரேன், முடிச்சு வைங்கக்கா" என்றான். அந்த வெடியில் செத்த பதினான்கு பேரில் ஒருத்தியான அங்காளம்மாள் இவள் கூடப்பிறந்த அக்கா என்பது அவனுக்குத் தெரியாது.

மறுபடி அமுக்கினாள். டக். உள்ளே, டக்.

மேல் தாளைப் புரட்டினாள். 'வெடிமருந்து அறையில் என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலை பார்க்கிறேன். எது நடந்தாலும் ஆலை பொறுப்பல்ல.' கீழே கைரேகை. அடுத்த தாளிலும் அதே வாசகம். பதினான்கு தாள். பதினான்காவதில் அங்காளம்மாள் பெயர்.

அக்கா பத்தாவது படித்தவள். ரேஷன் கடையில்கூட முழுப்பெயரைச் சுழித்து எழுதிவிட்டுத்தான் நகருவாள்.

ஓடிவிடலாம். ஷட்டர் நான்கடி தூரம்தான். அடுக்கிய தாள்கள் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கின. வரிசையாகப் போட்ட சின்னத் துளைகள் வழியே சூடான காற்று அவள் மணிக்கட்டில் பட்டது.

"எங்கேயும் போகல" என்றாள். "இங்கதான் இருக்கேன்க்கா."

தாள்களின் மூச்சு நின்றது.

ஐந்து மணிக்கு பிரேம்குமார் குனிந்து உள்ளே வந்தான். "முடிஞ்சுதா?"

"முடிக்க மாட்டேன்."

"என்னது?"

"அங்காளம்மா எங்கக்கா. அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். இந்த ரேகை யாருது சார்?"

அவன் வலது பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான்.

"எம்புட்டு வேணும், சொல்லு."

"செத்துப்போன அவியகிட்ட கேளுங்க."

"பேப்பரைக் கொடுடி!" கட்டின்மேல் அந்தக் கையை வைத்தான்.

டக்.

அவள் அமுக்கவில்லை.

துளைகள் அகன்றன. தாள் கிழியும் மெல்லிய சத்தம். ஒரு துளையிலிருந்து கரிந்த விரல்நுனி. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. நகமில்லாதவை. தோல் உரிந்தவை.

பிரேம்குமார் கையை இழுத்தான். வரவில்லை.

"ஏய்... ஷட்டரைத் தூக்கு! ஆளைக் கூப்பிடு!"

செல்வலட்சுமி ஷட்டரிடம் போனாள். தரைவரை இழுத்து இறக்கி, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றாள். கண்ணை மூடவில்லை.

இருட்டில் பதினான்கு விரல்களும் சேர்ந்து, மடங்கியிருந்த அவன் பெருவிரலை மெல்ல, மிக மெல்ல, நிமிர்த்திக்கொண்டிருந்தன.